கண்ணன் சவுண்ட்ஸும் ஒன்பது புது ஆல்பங்களும்

“டெஸ்டிங் முடிய இன்னும் எம்புட்டு நேரம்ணே ஆகும்?”

கேட்டவர் ஜெயபாண்டி, பெண்ணின் தாய்மாமன். பட்டு வேட்டி, தோளில் துண்டு, கையில் சந்தனக் கிண்ணம். வாசலில் விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்தவர் கிண்ணத்தைக் கீழே வைக்கக்கூட நேரமில்லாமல் மேடையோரத்துக்கு வந்திருந்தார்.

மிக்ஸருக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கருத்தக்கண்ணன் எழுந்து நின்றார்.

“டெஸ்டிங் அஞ்சு மணிக்கே முடிஞ்சிருச்சுங்க. இப்ப ஓடுறது பாட்டுதான்.”

ஜெயபாண்டி ஸ்பீக்கர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் ஒரு சாக்ஸபோன் எதையோ கேட்பதும், ஒரு பியானோ அதற்குப் பதில் சொல்லாமல் வேறு பேச்சை எடுப்பதுமாக இருபது நிமிடமாக நடந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் அடியில், யாரோ அரிசி புடைப்பது போல ‘ஸ்ஸ்... ஸ்ஸ்...’ என்று ஒரு சத்தம்.

“ஆள் யாரும் பாடலையே?”

“இதுல ஆள் பாட மாட்டாங்க.”

“ஸ்ஸுன்னு ஒண்ணு வருதே, அது ஒயர் லூசா?”

“அது டிரம்முங்க. குச்சியால அடிக்காம பிரஷ்ஷால தடவுறாங்க.”

“பிரஷ்ஷால.”

“ஆமாங்க.”

ஜெயபாண்டி சந்தனக் கிண்ணத்தைக் கை மாற்றிக்கொண்டார். “சரிண்ணே. மாப்ள வீட்டு ஏற்பாடு. பொண்ணு வீட்டுக்காரன் நான் வாயத் தொறந்தா நல்லா இருக்காது. ஆனா வந்தவக பூராம் செட்டு ரிப்பேருன்னு பேசிக்கிறாக. ஒங்க காதுல போட்டு வைக்கிறேன், அம்புட்டுதான்.”

அவர் போய்விட்டார். ‘செட்டு ரிப்பேர்’ என்ற சொல் மட்டும் கருத்தக்கண்ணனின் காதிலேயே நின்றது.

பழங்காநத்தத்தில் இருபத்திரண்டு வருடமாக ரேடியோ செட் போடுகிறவர் அவர். ‘கண்ணன் சவுண்ட்ஸ்’ என்று மஞ்சள் எழுத்தில் பெயர் எழுதிய அவருடைய பெட்டிகள் ஏறாத மண்டபம் அந்த வட்டாரத்தில் கிடையாது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் சரி, மைக்கைத் தொட்டதும் ‘கொய்ங்’ என்று ஒரு சத்தம் வந்தது என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. இப்போது அவர் வீட்டுக்கு நாலு தெரு தள்ளியிருக்கிற பூவாயி மஹாலில், பாதிப் பழங்காநத்தமும் உட்கார்ந்திருக்கிற சபையில், செட்டு ரிப்பேர் என்கிறார்கள்.

எல்லாம் மூன்று வாரத்துக்கு முன்னால் வந்த ஒரு போனில் ஆரம்பித்தது.

“அண்ணே, எம்பேரு சூரியபிரகாஷ். பெங்களூர்ல வேலை. அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை காலைல அழகர்கோவில்ல எனக்குக் கல்யாணம். ரிசப்ஷன் ஒங்க ஏரியால, பூவாயி மஹால்ல. செட்டு நீங்கதான் போடணும். ஆனா ஒரு கண்டிஷன். சினிமாப் பாட்டு ஒண்ணுகூட வேணாம்.”

“பக்திப் பாட்டா தம்பி?”

“இல்லண்ணே. ஜாஸ், ஸோல்னு அமெரிக்காப் பாட்டு, அப்புறம் பிரேசில் நாட்டுப் பாட்டு. எல்லாமே இந்த வருஷம் புதுசா வந்த ஆல்பம். ஒம்பது இருக்கு. வாட்ஸப்ல அனுப்புறேன்.”

கருத்தக்கண்ணன் கொஞ்சம் தயங்கினார். பையன் விளக்கிச் சொன்னான். அவனும் அந்தப் பெண்ணும் பழகியதே இந்த இசையால்தானாம். வெள்ளிக்கிழமை ஆனால் உலகத்தில் எங்கெங்கோ புது ஆல்பங்கள் வெளியாகும். அவள் சென்னையில், இவன் பெங்களூரில். இருவரும் ஒரே நேரத்தில் போட்டுக் கேட்பார்கள். கேட்டு முடித்துவிட்டுப் பேசுவார்கள். அப்படி ஒரு வருடத்து வெள்ளிக்கிழமைகளிலிருந்து பொறுக்கி எடுத்ததுதான் அந்த ஒன்பது.

“எங்க வீட்டுல யார்கிட்டயும் சொல்லலண்ணே. சொன்னா விடமாட்டாங்க. அதனால நான்தான் போடச் சொன்னேன்னு நீங்க யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. என்னயே வந்து கேட்டாலும் நான் ஒண்ணும் தெரியாத மாதிரிதான் மூஞ்ச வச்சுக்குவேன். யாரு என்ன சொன்னாலும் மாத்திராதீங்க. போன ஃப்ளைட் மோட்ல போட்டுருங்க, நடுவுல எவனாச்சும் கூப்பிட்டுப் பாட்டு நின்னுறக் கூடாது. இது எங்க ரெண்டு பேருக்கும் ரொம்ப முக்கியம்ணே.”

“கவலப்படாதீங்க தம்பி. நான் வாக்குக் குடுத்தா குடுத்ததுதான்,” என்றார் கருத்தக்கண்ணன்.

சொன்னதோடு நிற்கவில்லை. தெரியாத சரக்கைச் சபையில் இறக்கக் கூடாது என்பது அவர் தொழில் சுத்தம். மூன்று வாரமும் வீட்டில் அந்த ஒன்பது ஆல்பங்களையும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். மனைவி முனீஸ்வரி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அந்த ஊதுற ஆளு எதத் தொலச்சுட்டு இப்படித் தேடுறாரு?” என்று கேட்டாள். ஆல்பங்களின் பெயர்கள் வாயில் நுழையாததால் கருத்தக்கண்ணன் நோட்டில் தானே பெயர் வைத்துக்கொண்டார். ஜாஸ் மூன்றுக்கும் அரிசி புடைக்கிறது, மூணு பேர் சண்டை, ஒத்தப் பியானோ. ஸோல் மூன்றுக்கும் அழுகுற அக்கா, அழுகுற அண்ணன், சர்ச்சுக் கூட்டம். பிரேசிலுக்குத் தூங்குறவரு, மழை, தொண்ணூறு கொட்டு. மூன்றாவது வாரம் கடைக்குப் போகும் வழியில் தன்னையறியாமல் ‘தூங்குறவரு’ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம்தானே ரிசப்ஷன் வைப்பார்கள் என்று, சனிக்கிழமை நாலரைக்கெல்லாம் வேனை மண்டபத்தின் பின்வாசலில் நிறுத்தினார். கூட வந்தவர் மலையாண்டி, முனீஸ்வரியின் தம்பி. ஐம்பது வயது. ஒயர் சுற்றுவதில் கெட்டிக்காரர். மேடையில் தெர்மாக்கோலில் வெட்டிய இதயத்துக்கு இரண்டு பக்கமும் ‘S’, ‘M’ என்று இரண்டு எழுத்துகள் நின்றன. ‘S’ என்றால் சூரியபிரகாஷ். கருத்தக்கண்ணன் திருப்தியோடு பெட்டிகளை அடுக்கினார். போனை ஃப்ளைட் மோடில் போட்டார். ஆறு மணிக்கு ‘அரிசி புடைக்கிறது’ ஆரம்பித்தது.

இப்போது ஜெயபாண்டி வந்துபோன பிறகு அவர் மேடையைப் பார்த்தார். மாப்பிள்ளை கோட்டு சூட்டில் நின்று விருந்தாளிகளுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தான். இருபத்தெட்டு வயது இருக்கும். நடுநடுவே ஸ்பீக்கர் பக்கம் திரும்பி, பல்வலிக்காரன் போல முகத்தைச் சுருக்கினான். பிறகு கருத்தக்கண்ணனைப் பார்த்தான். கருத்தக்கண்ணன் இடுப்புக்குக் கீழே, யார் கண்ணிலும் படாமல், கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். மாப்பிள்ளை ஒன்றும் புரியாதவன் போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“என்னமா நடிக்கிறாரு பாத்தியா மாப்ள,” என்று மைத்துனரிடம் சொன்னார் கருத்தக்கண்ணன்.

மலையாண்டி நோட்டில் இருந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கவலை வேறு. “மச்சான், அடுத்தது மூணு பேர் சண்டை வருது. அது வேணாம் மச்சான்.”

“வரிசைய மாத்தச் சொல்லல.”

மூணு பேர் சண்டை வந்தது. ஒரு டிரம்பெட், ஒரு டிரம், ஒரு பெரிய பிடில். மூன்றும் மூன்று வீட்டு வாசலிலிருந்து ஒரே தண்ணீர்க் குழாய்க்காகப் பேசிக்கொள்வது போல இருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் நாற்காலியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் சாப்பிடப் போனார்கள். பந்தி இன்னும் ஆரம்பிக்காததால் திரும்பி வந்தார்கள்.

இப்போது ஜெயபாண்டி ஒரு முடிவோடு வந்தார்.

“அண்ணே, எனக்கு வெளங்கிருச்சு. ஆள் பாடாததுக்குக் காரணம், நம்ம ஆள் பாடணும்னுதான? எங்க ஆபீஸ்ல கூட ஒருக்கா வச்சாங்க. கரோக்கி.”

செட்டு ரிப்பேர் என்ற பெயருக்கு இது எவ்வளவோ தேவலை என்று கருத்தக்கண்ணனுக்குத் தோன்றியது. “ஒருவகையில அப்படித்தாங்க,” என்று சொல்லிவிட்டார்.

ஜெயபாண்டி மைக்கில் அறிவித்தார். கூட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் எழுந்து வந்தார். நன்றாகப் பாடக்கூடியவராம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மைக்கைப் பிடித்தபடி நின்றார். டிரம்பெட் ஓய்ந்தது. அவர் வாயைத் திறந்தார். பிடில் ஆரம்பித்தது. அவர் வாயை மூடினார். பிடில் நின்றது. மறுபடி திறந்தார். டிரம் உருண்டது. நான்கு நிமிடம் இப்படி வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றுவிட்டு, “எங்க எடுக்குறதுன்னே தெரியலையேப்பா,” என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு இறங்கினார். சபை முழுக்கக் கேட்டது. சிரித்தார்கள். அவர் கோபித்துக்கொண்டு செருப்பைத் தேட, மாப்பிள்ளையின் அப்பா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துச் சமாதானம் செய்து உட்கார வைத்தார். அங்கிருந்து நேராகக் கருத்தக்கண்ணனிடம் வந்தார்.

“இந்தாப்பா, பொண்ணு வீட்டுக்காரவக ரொம்பப் படிச்சவக, அவக ரசனை எங்களுக்கு எட்டாது. குத்தம் சொல்லல. ஆனா மனுசங்க பாடுற பாட்டா போட்டா கொஞ்சம் தேவலை.”

பையன் தன் அப்பாவிடம் எவ்வளவு சாமர்த்தியமாகப் பழியைப் பெண் வீட்டின் மேல் திருப்பியிருக்கிறான் என்று கருத்தக்கண்ணன் உள்ளூர வியந்தார். “இந்தா வருதுங்கய்யா, அடுத்தது மனுசங்க பாடுறதுதான்,” என்றார். ஒத்தப் பியானோவை மட்டும் தாண்டினார். முதல் சறுக்கல் அது. மனசு உறுத்தியது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். “அண்ணே, ஸ்பீக்கர்ல ட்வீட்டர் போயிருச்சாண்ணே?”

பாண்டிராஜ். இரண்டு வருடத்துக்கு முன்னால் எதிர்த் தெருவில் டிஜே வைத்தவன். கலர் லைட், புகை மிஷின், ஆளுயரப் பெட்டி என்று கருத்தக்கண்ணனின் வாடிக்கையில் பாதியை அள்ளிக்கொண்டு போனவன். இன்றைக்கு விருந்தாளியாக வந்திருந்தான். ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு பாண்டி. நீ போயி ஒக்காரு.”

“மறைக்காதீங்கண்ணே. தொழில்ல இதெல்லாம் சகஜம். வேணும்னா எம்பெட்டிய எறக்கச் சொல்றேன், ஒங்க பேரே இருக்கட்டும்.” சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தான். “இதுல நானூறு பாட்டு இருக்கு. பூராம் நம்ம பாட்டு. சொருகுங்க. மானத்தக் காப்பாத்திக்கங்க.”

கருத்தக்கண்ணன் பென்டிரைவைப் பார்த்தார். அவன் ஏளனமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே பரிதாபப்பட்டுத்தான் சொன்னான். அதுதான் அவரைச் சுட்டது. கை ஒரு கணம் நீண்டது. மேடையைப் பார்த்தார். மாப்பிள்ளை அந்த நேரம் பார்த்து இவர் பக்கம் உள்ளங்கையைக் காட்டி, ‘வேண்டாம், அப்படியே இருக்கட்டும்’ என்பது போல இரண்டு தரம் அசைத்தான். அவனுக்கும் இவருக்கும் நடுவில் போட்டோகிராபர் ஒருவர் குனிந்து நின்றிருந்தார் என்பதைக் கருத்தக்கண்ணன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“வேணாம் பாண்டி,” என்றார். “நான் வாக்குக் குடுத்துட்டேன்.”

“யாருக்குண்ணே?”

“அது சொல்லக் கூடாது.”

அழுகுற அக்கா ஆரம்பித்தார்.

அது அருமையான குரல். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சில் ஒரு நிமிடம் தங்கி, பிறகு உடைந்துகொண்டு வெளியே வரும். வீட்டில் கேட்கும்போது கருத்தக்கண்ணனுக்கே இரண்டு தரம் கண் கலங்கியிருக்கிறது. ஆனால் தனியாகக் கேட்பது வேறு, கல்யாண மண்டபத்தில் நானூறு பேரோடு கேட்பது வேறு என்பது இப்போதுதான் உறைத்தது. அக்கா ஒரு வரி இழுத்துப் பாட, பின்னால் நாலைந்து பெண்கள் ‘ஊ... ஊ...’ என்று சேர்ந்துகொண்டார்கள்.

பெண்கள் பக்கம் பேச்சு நின்றது.

“ஏன்டி இந்தப் பொம்பள இப்படி அழுகுறா?” என்று ஒரு குரல் கேட்டது.

“புருசன் செத்துட்டாரு போல,” என்றது இன்னொரு குரல்.

மூன்றாவது வரிசையில் பாண்டியம்மாள் இருந்தார். மாப்பிள்ளையின் அத்தை. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் தோட்டம் துரவு என்று இருக்கிற, அறுபது வயதான கனத்த மனுஷி. வீட்டுக்காரர் தவறி இரண்டு வருடம் ஆகிறது. அந்த இரண்டு வருடமும் அவர் யார் முன்னாலும் அழுததில்லை என்று பெயர். அக்கா இரண்டாவது தரம் இழுத்தபோது பாண்டியம்மாளின் உதடு துடித்தது. மூன்றாவது தரம் முந்தானை வாய்க்குப் போனது. நான்காவது தரம் அவர் வாய்விட்டு அழுதார். பக்கத்தில் இருந்தவர் அவரைத் தேற்ற அணைத்துப் பிடித்தார். பிடித்தவருக்கும் யாரோ போயிருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் அந்த வரிசையே ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதுகொண்டிருந்தது. ஸ்பீக்கரில் அந்த நாலைந்து பெண்களும் விடாமல் ‘ஊ... ஊ...’ என்றார்கள்.

மேடையில் பெண்ணின் அம்மா முகம் வெளுத்துப்போய் நின்றார். ஜெயபாண்டி ஓடி வந்தார். இந்தத் தடவை கையில் சந்தனக் கிண்ணம் இல்லை.

“அண்ணே, நல்ல காரியத்துல எழவுப் பாட்டு போடுறீங்களே.”

“எழவுப் பாட்டு இல்லீங்க. இது ஸோலு.”

“என்ன எழவோ. நிறுத்துங்க மொதல்ல. மாப்ள வீட்டு ஏற்பாடா இருந்தாலும் சரி, எதா இருந்தாலும் சரி. எந்தங்கச்சி மயங்கி விழுந்துரும் போல.”

அக்காவைப் பாதியில் நிறுத்தி, அழுகுற அண்ணனையும் சர்ச்சுக் கூட்டத்தையும் சேர்த்துத் தாண்டினார் கருத்தக்கண்ணன். ஒத்தப் பியானோவோடு சேர்த்து நாலு ஆல்பம் போயிற்று. ஒன்பதில் மிச்சம் மூன்று. நெற்றியில் வியர்வை வழிந்தது. “தம்பி மன்னிக்கணும்,” என்று மேடை பார்த்து மனசுக்குள் சொல்லிக்கொண்டு பிரேசிலைத் தொட்டார்.

தூங்குறவரு வந்தார். ஒரு கிடாரும் ஒரு குரலும். மத்தியானத் தூக்கத்தில் பக்கத்தில் படுத்திருப்பவரிடம் தண்ணீர் கேட்பது போல அவ்வளவு மெதுவாகப் பாடுவார். அழுகை அடங்கியது. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. மடியில் இருந்த குழந்தைகள் தூங்கின. தலைமை ஆசிரியர் தூங்கினார். வீடியோ எடுப்பவர் காமிராவின் மேல் சாய்ந்து கண்ணை மூடினார். கருத்தக்கண்ணன் மூச்சு விட்டார். அடுத்து வந்த மழையும் அதே போல அமைதியாகப் பெய்தது.

“மச்சான், இது பரவால்ல,” என்றார் மலையாண்டி கொட்டாவியோடு.

ஆனால் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அதுவும் பொறுக்கவில்லை. மொய் எழுத வந்தவர்கள்கூட வரிசையில் நின்றபடியே தள்ளாடுகிறார்கள் என்றார். “பாடுறது ஒண்ணுமே கேக்கல. சத்தத்தக் கூட்டுப்பா.”

கருத்தக்கண்ணன் கூட்டினார். “இன்னும்,” என்றார் அவர். இன்னும் கூட்டினார். பாஸ் பெட்டி இரண்டையும் முழுசாகத் திறந்தார். அப்போதுதான் மழை ஆல்பம் ஓய்ந்து அடுத்தது வரப்போகிறது என்பது நினைவுக்கு வந்தது. கையை நீட்டுவதற்குள் வந்துவிட்டது.

தொண்ணூறு கொட்டு.

பிரேசிலில் ஏதோ ஒரு தெருவில் தொண்ணூறு பேர் இடுப்பில் கட்டிக்கொண்டு அடித்ததைப் பதிவு செய்த ஆல்பம் அது. போன மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில்தான் வெளியாகியிருந்தது. முதல் அடியில் மேடையின் தெர்மாக்கோல் இதயம் கழன்று விழுந்தது. இரண்டாவது அடியில் தூங்கிய குழந்தைகள் அத்தனையும் எழுந்தன. மூன்றாவது அடியில் பாண்டியம்மாள் எழுந்தார்.

எழுந்தவர் சாதாரணமாக எழவில்லை. கொண்டை அவிழ்ந்து தலைமுடி தோளில் விழுந்தது. உடம்பு ஒரு குலுக்குக் குலுக்கியது. அடுத்த கணம் அவர் நாற்காலி வரிசைகளுக்கு நடுவே இருந்த சிவப்புக் கம்பளத்தில் ஆடிக்கொண்டிருந்தார். அந்தக் கனத்த உடம்பு கொட்டுக்கு ஒரு அடிகூடப் பிசகாமல் ஆடியது.

“சாமி வந்துருச்சு,” என்றார் யாரோ.

கருத்தக்கண்ணன் பதறிப்போய்ப் பாட்டை நிறுத்தினார்.

மண்டபம் அமைதியானது. பாண்டியம்மாள் நின்றார். மெதுவாகத் திரும்பி, மேடையோரத்தில் மிக்ஸருக்குப் பின்னால் நின்ற மனிதரைக் கண்டுபிடித்தார்.

“ஏன்டா நிறுத்துன?”

கருத்தக்கண்ணன் காலில் இருந்த செருப்பைக் கழற்றிவிட்டார். கையெடுத்துக் கும்பிட்டார்.

“எத்தன வருசமாச்சுடா இப்படி ஒரு கொட்டுக் கேட்டு. அடிடா.”

“போடுங்கண்ணே, போடுங்க,” என்றார் ஜெயபாண்டி நடுங்கிய குரலில்.

போட்டார். ஆட்டம் தொடர்ந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மஞ்சள் தண்ணீரோடும் வேப்பிலையோடும் ஓடி வந்தார்கள். சமையல்கட்டிலிருந்து சூடம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா தரையில் விழுந்து கும்பிட்டு எழுந்தபோது அவர் கண்ணில் தண்ணீர். தன் அக்கா பாண்டியம்மாளின் மேல் சாமி இறங்கிப் பதினொரு வருடம் ஆகிறதாம். எத்தனையோ கொடை கொடுத்துப் பார்த்தும், உறுமி மேளம் வைத்துப் பார்த்தும் வரவில்லை. குலசாமிக்கு ஏதோ மனக்குறை என்று குடும்பமே கலங்கிப்போய், இந்தக் கல்யாணத்தையே பயந்து பயந்துதான் பேசி முடித்திருந்தார்கள். அதை அவர் ஜெயபாண்டியிடம் தேம்பித் தேம்பிச் சொன்னார்.

பாண்டியம்மாள் மேடை ஏறினார். மாப்பிள்ளையும் பெண்ணும் காலில் விழுந்தார்கள். இரண்டு பேர் நெற்றியிலும் விபூதியை அப்பினார்.

“எனக்குச் சம்மதம்டா,” என்றது சாமி. “நல்லா இருப்பீக.”

குலவைச் சத்தம் எழுந்தது. தொண்ணூறு கொட்டும் குலவையும் ஒன்றாகச் சேர்ந்தபோது, இரண்டையும் ஒரே ஊரில் ஒரே நாளில் செய்தது போல அவ்வளவு பொருத்தமாக இருந்தது. முதலில் பையன்கள் ஆடினார்கள். பிறகு பெண்ணின் தோழிகள். பிறகு தாய்மாமன் ஜெயபாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். தலைமை ஆசிரியர், எங்கே எடுப்பது என்று யாரையும் கேட்காமல், சரியான இடத்தில் கைதட்டினார். பதினொரு நிமிடம் ஓடிய அந்தப் பாட்டு முடிந்ததும், “இன்னொருக்கா,” என்றார்கள். மூன்று தரம் போட்டார்.

சாமி மலையேறி, பாண்டியம்மாள் கோலி சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கருத்தக்கண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“அது எந்த ஊருக் கொட்டுப்பா?”

“பிரேசில்ங்கம்மா.”

“எங்குட்டு இருக்கு? கம்பம் பக்கமா?”

“அதுக்கும் தள்ளிங்க.”

“வார மாசி மாசம் எங்க கோயிலுக்கு அவுகளத்தான் கூப்புடணும். சொல்லி வையி.”

“சொல்றேன்மா,” என்றார் கருத்தக்கண்ணன்.

பாண்டிராஜ் பெட்டிக்குப் பக்கத்தில் காத்திருந்தான். பென்டிரைவ் கையில்தான் இருந்தது. ஆனால் இந்த முறை அதைக் காலியாக நீட்டினான். “அண்ணே, எல்லாத்தையும் அழிச்சிட்டேன். அந்த ஒம்பதையும் இதுல ஏத்திக் குடுங்கண்ணே. நீங்க பெரிய ஆளுண்ணே. ஒரு வாக்குக் குடுத்துட்டு, சபையே எதுத்தாலும் நின்னீங்க பாருங்க.”

இருபத்திரண்டு வருடத்தில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. இது பையனுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தார். சென்னையிலும் பெங்களூரிலும் தனித்தனியாக உட்கார்ந்து வெள்ளிக்கிழமை தோறும் கேட்ட அந்த இரண்டு பேருக்கும், நானூறு பேர் எழுந்து ஆடியதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

அதற்கு ஜெயபாண்டியே வழி செய்தார். மைக்கைப் பிடித்து, “இப்படி ஒரு செட்ட ஏற்பாடு பண்ணின மாப்ள வீட்டாருக்கு நன்றி,” என்றார். மாப்பிள்ளையின் அப்பா அந்த மைக்கை வாங்கி, “பெருந்தன்மையா எங்களச் சொல்றாக, ஏற்பாடு பூராம் பொண்ணு வீடுதான்,” என்றார். இரண்டு பேரும் மாறி மாறி மறுத்துக்கொண்டு, கடைசியில் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கருத்தக்கண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையேற்றி மணமக்களுக்குப் பக்கத்தில் போட்டோவுக்கு நிறுத்தினார்கள்.

போட்டோகிராபர் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் கருத்தக்கண்ணன் மாப்பிள்ளையின் காதருகே குனிந்தார்.

“நடுவுல நாலு ஆல்பம் விட்டுப்போச்சு, மன்னிச்சுக்கங்க தம்பி. ஆனா நீங்க சொன்ன மாதிரி ஒரு சினிமாப் பாட்டுகூடப் போடல. யார்கிட்டயும் ஒங்க பேரச் சொல்லவும் இல்ல பிரகாஷு.”

சாயங்காலத்திலிருந்து அவரோடு ஒரு வார்த்தை பேசாத மாப்பிள்ளை, நெற்றி விபூதியோடு அவர் பக்கம் மெதுவாகத் திரும்பினான்.

“அண்ணே, எம்பேரு சோலைராஜு, சூரியபிரகாஷுன்னு ஒருத்தருக்கு நாளைக்குச் சாயங்காலம் இதே மண்டபத்துல ரிசப்ஷன்னு வாசல் போர்டுல எழுதியிருக்கு.”